எட்டாவது கனவு

— எட்டும் வோணும்யா. ஒண்ணுகூட முழுங்கக் கூடாது.

— ந்தா பட்டு, கேட்டாண்ட நின்னுகினு எனக்கே கணக்கு சொல்றியா? பதினெட்டு வருசமா இந்தப் பேச்ச பேசிகினு கீறேன். பாயிண்டு இன்னான்னா, அஞ்சாவது கனவுக்கு அப்பால ஜனம் கொட்டாவி வுடும். அத்தொட்டு ரெண்ட வெட்டிட்டு நேரா மணி அடிக்கற எடத்துக்குப் போயிடலாம்னு பாக்கறேன்.

— வெட்டாத. அமெரிக்காவுல அந்த மன்சன் எட்டு தபா சொன்னாரா இல்லியா?

— மார்ட்டின் லூதர் கிங்கா? சொன்னாரு. வாஷிங்டன்ல. அறுபத்திமூணாம் வருசம், ரெண்டர லச்சம் பேரு முன்னால.

— ரெண்டர லச்சம் பேரு நின்னுகினு கேட்டான். இங்க நாப்பத்திரெண்டு வூட்டுக்காரன் நாற்காலி போட்டு குந்திகினு கேக்க மாட்டானா? எட்டும் சொல்லு. ஒவ்வொரு கனவு முடியும்போதும் கை தட்டுவாங்க பாரு, அவங்க தட்டி ஓயற வரைக்கும் வாயத் தொறக்காத. இன்னும் தட்டுங்கடான்ற மாதிரி கைய விரிச்சிகினு நில்லு.

— ஒரு வருசமா நான் தொண்டையச் செருமினாலே கரண்டியத் தூக்குவ. இன்னிக்கு இன்னாமே இவ்ளோ ஆசை?

— நாளைக்கு மதிக்குப் பரீட்சை.

— அதுக்கு?

— அதுக்குத்தான். கம்முனு பேசு.

— வார்டு ஆபீஸ்ல போர்த்தினாங்களே ஒரு சால்வ, பச்சக் கலர்ல சரிகை போட்டது, அத்த போட்டுகினு வரலாம்னு பாத்தேன். பீரோவுல காணோம். ஒண்ணுகூட காணோம். பதினோரு சால்வ, புத்தர் படத்துக்குக் கீழ மடிச்சி வெச்சிருந்தேன்.

— தொவைக்கப் போட்டுகீறேன்.

— பதினொண்ணுமா?

— அல்லாம் ஒரே கலீஜா கெடந்துச்சி.

— மதி இன்னா பண்ணுது?

— வூட்ல பட்சிகினு கீது.

— நான் கெளம்பறேன்னு சொன்னப்ப எதுனா சொல்லுச்சா?

— இல்ல.

— ஒரு வருசமா அந்தப் பொண்ணு என் மூஞ்சப் பாத்துப் பேசறதில்ல பட்டு. நான் இன்னா கொலையா பண்ணேன்? போன வருசம் பரீட்சை அன்னிக்கு அந்த ஸ்கூல் கேட்டுக்காரன் தேம்பித் தேம்பி அழுதான். நீயே பாத்த.

— பாத்தேன். இந்த கேட்டு பூட்டிக் கெடந்ததால மூணு கிலோமீட்டரு சுத்தி, கண்டெய்னர் லாரிக்கு நடுவுல பூந்து ஓடி, எட்டு அம்பதுக்குப் போயி நின்னோம். ஒம்போது மணி வரைக்கும் உள்ள வுடுவாங்க. பத்து நிமிசம் கீது. அவன் "இன்னா லேட்டு"ன்னு ஒரு வார்த்த கேட்டான். "சாரி சார்"ன்னு சொல்லிட்டுப் புள்ளய உள்ள தள்ளி வுட்டிருந்தா முடிஞ்சிது. நீ ஆரம்பிச்சிட்ட.

— அவன் கேட்ட தோரணை அப்டி.

— பதினேழு நிமிசம் பேசின. அவன் கேட்டப் புடிச்சிகினே வாயப் பொளந்து கேட்டான். புள்ள அவன் கைக்கு அடியில நொழையப் பாத்துச்சி. "கம்முனு இரும்மா, அப்பா பேசறாரு"ன்னு தடுத்துட்டான்.

— அது பாதில நிறுத்தற பேச்சா?

— ஒம்போது ஏழு. கண்ணத் தொடச்சிகினே பூட்டு போட்டான். குரூப் ஃபோரு பரீட்சை, கவுருமெண்டு உத்தியோகம். பஸ் ஸ்டாண்டுல மாதிரி அடுத்தது அஞ்சு நிமிசத்துல வரும்னு நென்ச்சிட்ட.

— போன மாசம் லாரிக்காரங்ககிட்ட பேசினேனே, அத்தயும் சொல்லிடு.

— அத்த வேற சொல்லணுமா? வழி வுடச் சொல்லி பேசப் போன. இருவது லாரிக்காரன் இன்ஜின அமுத்திட்டு எறங்கி வந்து கேட்டான். எண்ணூரு வரைக்கும் ஜாம். போலீஸு வந்தான், அவனும் நின்னு கேட்டான்.

— அத்தான் மே பாயிண்டு. அந்தப் பேச்சுக்கு அவ்ளோ பவரு கீது. இந்த தபா பாரு. நேரா யாரு கைல சாவி கீதோ அவங்ககிட்டயே பேசறேன். இந்த கேட்டு தொறந்தா நாளைக்கு நம்ம புள்ளைங்க பதினாலு பேரும் நாலே நிமிசத்துல பரீட்சை ஹால்ல குந்தும். நீ வேணா பாரு.

— வராரு, முத்துச்சிப்பி நகரு சங்கத்து செக்ரட்டரி. கும்புடு போடு.

— யாரு, பேச்சாளரய்யாவா? வாங்க, வாங்க. தங்கச்சியும் வந்திருக்கியளா, ரொம்ப சந்தோசம். ஆமா, ஏன் இந்தப் பொறவாசல்ல நிக்கிய?

— எங்க வூடு இந்தப் பக்கம்தான அண்ணாச்சி கீது.

— அது தெரியும். சீஃப் கெஸ்டு மெயின் கேட்டு வழியாலா வரணும்? அங்கன வாழமரம் கட்டி, சந்தனக் கிண்ணம் வச்சு, எம் பேத்தி மகிமா பன்னீர்ச் செம்போட ஒரு மணிக்கூறா நிக்கா. பத்திரிகை பாத்தியளா? "உரைவேந்தர் பகலவன்"னு உங்க பேரக் கொட்டை எழுத்துல போட்டிருக்கோம்.

— பாத்தேன் அண்ணாச்சி. ஷோக்கா போட்டிருந்தீங்க. பாயிண்டு இன்னான்னா, மெயின் கேட்டுக்கு வரணும்னா மூணு கிலோமீட்டரு சுத்தணும். லாரி க்யூ நிக்குது. சுரங்கப்பாதைல முட்டி வரைக்கும் தண்ணி. இந்தப் பூட்டத் தொறந்தீங்கன்னா நான் உள்ள வந்துடறேன்.

— இதத் தொறக்க முடியாதுய்யா. பைலா இருக்குல்லா.

— இன்னா பைலா?

— பைலா பதினாலு, பிரிவு ஆ. ஹவுசிங் போர்டு வீட்டு ஆட்கள் யாரும் இந்த வாசல் வழியா முத்துச்சிப்பி நகருக்குள்ள வரப்பிடாது. ரெண்டு வருசத்துக்கு முன்னால முறைப்படி ஓட்டெடுத்துப் போட்டது.

— நான்தான் அண்ணாச்சி உங்க விழாவுக்கே சீஃப் கெஸ்டு.

— அதான் இங்கன சிக்கலே. விருந்தாளின்னா மெயின் கேட்டு. போர்டு வீட்டு ஆளுன்னா எந்த கேட்டும் கெடையாது. நீங்க ரெண்டுமா இருக்கிய. அப்படி ஒரு ஆளு வருவாருன்னு பைலா எழுதும்போது ஒருத்தருக்கும் தோணல, பாத்துக்கிடுங்க.

— இன்னிக்கு என்னிய எதப் பத்திப் பேசக் கூப்ட்டீங்க?

— சமத்துவம்.

— அப்ப தொறங்க.

— கோவப்படாதிய. உங்க பேச்ச செல்போன்ல நான் இருவது தடவ கேட்டிருக்கேன். முப்பது வருசம் மொளகாவத்தல் மண்டியில நின்னவன், எனக்குக் கண்ணுல தண்ணி வரதெல்லாம் நின்னு எத்தனையோ காலம் ஆச்சு. உங்க பேச்சுக்கு வந்துட்டு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. ஆனா பூட்டு சங்கத்துப் பூட்டு. ஜெனரல்பாடில மூணுல ரெண்டு பங்கு கை தூக்கினாத்தான் தொறக்கலாம்.

— ஜெனரல்பாடி எப்ப?

— இன்னைக்குத்தான். ஆண்டுவிழாவோட சேத்து வச்சிருக்கோம். உங்க பேச்சு முடிஞ்ச கையோட தீர்மானம்.

— அப்டியா? பட்டு, கேட்டியா? பேச்சு முடிஞ்ச கையோட தீர்மானமாம். அண்ணாச்சி, நான் சுத்திகினே வரேன். எத்தினி மணி நேரம் ஆனாலும் பரவால்ல.

— நீ இங்கயே நில்லு. அண்ணாச்சி, மேடைய எங்க போட்டுகீறீங்க?

— இதே சொவரோட கெழக்கு முனையில, பம்ப் ரூமை ஒட்டி, தங்கச்சி. காம்பவுண்டு சொவர்ல பேனர் கட்டி.

— அங்கியா? வோணாம் அண்ணாச்சி. நீங்க இன்னா பண்றீங்க, மைக்க இந்த கேட்டாண்ட கொண்டாந்துடுங்க. கம்பி நடுவுல நொழைச்சி வெளிய நீட்டுங்க. இவரு இந்தாண்ட நின்னுகினு பேசட்டும். நாற்காலிய அல்லாம் இந்தப் பக்கமா திருப்பிப் போடுங்க. இவரு உள்ள வந்தா மாதிரியும் ஆவாது, வராத மாதிரியும் ஆவாது.

— அடடே. அப்ப பைலாவும் மீறல.

— அத்தான்.

— தங்கச்சி, நீங்க மண்டியில கணக்குப்பிள்ளையா இருக்க வேண்டிய ஆளு. டேய், ஷிபினு, அந்த மைக் வயர இந்த வாசலுக்கு இழு. எல்லா ஆளும் நாற்காலிய மேற்காம திருப்புங்க. வாட்ச்மேனையும் கூப்பிடு, அவனும் வந்து உக்காந்து கேக்கட்டும், பாவம்.

— ஆமா, வாட்ச்மேன மறக்காம கூப்புடுங்க.

— பட்டு, இன்னாமே இது. ஜெயில்ல மனு போட்டுப் பாக்க வந்தவன் மாதிரி கம்பிய புடிச்சிகினா நான் பேசணும்?

— அந்த கிங்கும் ஜெயில்ல இருந்தவருதான்னு நீதான சொன்ன. பேசு. எட்டு. ஞாபகம் வெச்சிக்கோ.

— மைக் டெஸ்டிங். ஒன், டூ. எல்லாருக்கும் கேக்குதா? ... மேடையில் வீற்றிருக்கும், இல்ல, மேடையை விட்டு எழுந்து வந்து என் எதிரில் வீற்றிருக்கும் முத்துச்சிப்பி நகர்ப் பெரியோர்களே, தாய்மார்களே. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், கடல் கடந்த ஒரு தேசத்தில், தன் மக்களுக்கு வேலையும் விடுதலையும் கேட்டு ஒரு மனிதர் பேசினார். அந்தப் பேச்சை நம் மண்ணுக்கு ஏற்றாற்போல் உங்கள் முன் வைக்கிறேன்.

— ஆஹா. தொடக்கமே எப்படி இருக்கு பாத்தியளா தங்கச்சி?

— இந்தக் கம்பியாண்ட வந்து நில்லுங்க அண்ணாச்சி. இங்க நல்லா கேக்கும்.

— என் மகளும், இந்த நகரத்துப் பிள்ளைகளும், ஒரே மணியோசை கேட்டு ஒரே வாசலில் நுழைகிற ஒரு காலை வரும். இது என் முதல் கனவு.

— என்னா கைதட்டு, என்னா கைதட்டு. ஆமா, அங்கன கெழக்க என்ன டம்மு டம்முன்னு ஒரு சத்தம்?

— எங்க ஆளுங்க. சொவருக்கு அந்தாண்ட நின்னுகினு அவங்களும் கை தட்டறாங்க.

— பலமாத்தான் தட்டுதாவ.

— ஒழைக்கற கையி அண்ணாச்சி.

— ரெண்டாவது கனவு சொல்லிட்டாரு. எந்திரிச்சு நின்னு தட்டுதாங்க பாருங்க, தலைவர் பாலகணேஷு. இந்த கேட்டுக்குப் பூட்டு வாங்கி வந்ததே அவருதான்.

— நல்லா தட்டட்டும். மூணு... நாலு...

— என்ன தங்கச்சி எண்ணுதிய?

— அவரு மறந்துடுவாரு அண்ணாச்சி. வயசாவுதுல்ல.

— மணலியிலிருந்து வருகிற புகை, எந்தத் தெருவுக்குள் போவதற்கும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. உங்கள் வீட்டுப் படுக்கையறைக்கும் வருகிறது, என் வீட்டுத் தொட்டிலுக்கும் வருகிறது. அந்தப் புகைக்கு இருக்கிற உரிமை என் மகளின் காலுக்கும் ஒரு நாள் வரும். இது என் ஐந்தாவது கனவு.

— யம்மா. முடியல. அந்தத் துண்ட எடுங்கய்யா யாராவது. ... இந்தா, அந்த டம்மு சத்தம் சுருதி கொறைஞ்சு போச்சே. முன்ன நாலஞ்சு பேரு தட்டுன மாதிரி இருந்துச்சு. இப்ப ஒரு ஆளுதான் தட்டுத மாதிரி கேக்கு.

— ...அப்டியா?

— நீங்களே கேளுங்க.

— ஆமா. இன்னா ஆச்சின்னு தெர்ல.

— அழுது களைச்சிருப்பாவ. நம்ம பக்கமும் பாதிப் பேரு கை தட்டத் தெம்பில்லாமத்தான் இருக்காவ. ஆறு. ஏழு. இப்ப நானே எண்ண ஆரம்பிச்சிட்டேன், பாத்துக்கிடுங்க.

— எண்ணூரில் அடிக்கட்டும் அந்த மணி. மணலிப் புதுநகரில் அடிக்கட்டும். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அடிக்கட்டும். அது அடிக்கும்போது இந்தப் பூட்டு தன்னால் கழன்று விழும். இது என் எட்டாவது கனவு. நன்றி. வணக்கம்.

— அய்யா. என் அய்யா. கைய நீட்டுங்க, கம்பி வழியா ஒரு முத்தம் குடுக்கேன். பாலகணேஷு, அந்தப் பொன்னாடைய இங்கன கொண்டாரும். பெரிய சால்வையா இருக்கு, கம்பிக்குள்ள போகாது போலுக்கே. சுருட்டுங்க. இன்னும் சுருட்டுங்க. ஆங், தங்கச்சி, அந்தப் பக்கம் நீங்க இழுத்து அவர் தோள்ல போட்டுருங்க. எல்லாரும் கை தட்டுங்க.

— சந்தோசம் அண்ணாச்சி. ரொம்ப சந்தோசம். இப்ப தீர்மானம்.

— இந்தா, அதுக்குத்தான் போறேன். நில்லுங்க.

— பாத்தியா பட்டு? பாத்தியா அந்த ஜனத்த? நாலு பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் கட்டிகினு அழுவறாங்க. அந்த வாட்ச்மேனு தொப்பியக் கழட்டிட்டு நிக்கறான். தொறந்துருவாங்க பாரு. நான் மொதல்ல வூட்டுக்குப் போயி மதிகிட்ட சொல்லணும். நாளைக்கு நிதானமா எந்திரிச்சி, நாஸ்தா துண்ணுட்டு, எட்டு மணிக்குக் கெளம்பினா போதும்னு.

— அண்ணாச்சி வராரு.

— இன்னா அண்ணாச்சி, எத்தினி கையி?

— சொல்லுதேன், பதறாதிய. முறைப்படி தீர்மானத்த வாசிச்சேன். கேட்டத் தொறக்கலாம்னு சொல்லுதவங்க கை தூக்குங்கன்னேன்.

— எத்தினி?

— ஒண்ணும் இல்ல.

— ஒண்ணுகூடவா?

— ஒரு கை கண்ணத் தொடைக்க, ஒரு கை மூக்கச் சிந்த. தூக்குததுக்கு எங்கனய்யா கை இருக்கு? நீங்க அப்படி அழ வச்சிட்டிய.

— நீங்க? நீங்க தூக்கினீங்களா அண்ணாச்சி?

— நான் செக்ரட்டரிலா. எண்ணுத ஆளு தூக்கப்பிடாது. பைலா எட்டு. மனச விட்டுராதிய. வேற ஒரு தீர்மானம் ஏகமனதா நிறைவேறிட்டு. உங்க பேச்சுலேர்ந்து நல்ல வரியா நாலு எடுத்து இந்தக் காம்பவுண்டு சொவர்லயே பெருசா எழுதிப் போடப் போறோம். பெயிண்டர் வச்சு, நீல எழுத்துல.

— எந்தச் சொவர்ல?

— இந்தா, இதே சொவர்லதான். உங்க பக்கமும் எழுதிருவோம். நீங்களும் பாக்கணும்லா. எழுத்துக்கு எடம் காணாதுன்னு இன்னும் ரெண்டு அடி ஒசத்திக் கட்டலாம்னு பாலகணேஷு சொன்னாரு. அதுவும் ஏகமனதா பாஸாயிட்டு.

— அண்ணாச்சி, நாளைக்குப் புள்ளைங்களுக்குப் பரீட்சை. பதினாலு பேரு. ஒரே ஒரு நாளு, அரை மணி நேரம் தொறந்து வுடுங்க. நான் பேச்சாளனா கேக்கல. ஒரு தகப்பனா கேக்கறேன்.

— எங்கிட்ட சாவி இருந்தா இப்பவே தந்துருவேன். சங்கத்துச் சாவி. சரி, அது கெடக்கட்டும். இப்ப ஜனம் என்ன கேக்குதுன்னா, ஒன்ஸ் மோர்.

— இன்னா?

— இன்னொரு தடவ பேசணுமாம். முறைப்படி கேட்டேன். நாப்பத்திரெண்டு கையும் தூக்கியாச்சு. சில பேரு ரெண்டு கையும் தூக்கினாவ.

— போங்க அண்ணாச்சி.

— முழுசா வேண்டாம். கடைசிக் கனவு மட்டும் போதும். நான் போயி அந்தக் கொழாய் ஸ்பீக்கர சரி பண்ணிட்டு வாரேன். நீங்க ஒரு மடக்கு தண்ணி குடிங்க.

— வா பட்டு. வூட்டுக்குப் போலாம்.

— இன்னொரு தபா பேசிட்டு வாயா.

— உனக்கு இன்னா பைத்தியமா? எதுக்குப் பேசணும்? ரெண்டு அடி ஒசத்திக் கட்டப் போறாங்களாம். நான் பேசப் பேச இந்தச் சொவரு வளருது மே. தப்பு என்மேலதான். பதினெட்டு வருசமா சால்வைய வாங்கிகினு வூட்டுக்கு வந்தேன். அமெரிக்காவுல அந்தப் பேச்சுக்கு அப்பால சட்டமே மாறிச்சி. இங்க ஒரு பூட்டு அசைய மாட்டுது.

— பேச்சால மட்டுமா மாறிச்சி? ரெண்டர லச்சம் பேரு நடந்து வந்தாங்கன்னு நீதான சொன்ன. அவங்க காலால பேசல?

— அத்த இப்ப எதுக்கு சொல்ற?

— சரி, சொல்லிடறேன். கத்தாத. சௌக்கத் அலி மேஸ்திரி கீறாருல்ல, நம்ம பி பிளாக்கு பாயி.

— ஆமா. இந்தச் சொவர கட்டினதே அவருதான். நம்ம ஆளுங்கள வெச்சித்தான் கட்டினாங்க.

— அத்தான். கட்டும்போது செங்கல்லு லாரி உள்ள போவறதுக்குப் பம்ப் ரூமாண்ட ஒரு வழி வுட்டு வெச்சிருந்தாங்க. அத்த கடைசில அடைச்சாங்க. அவசரத்துல அடைச்சது, ரெண்டு பக்கச் சொவரோட கல்லக் கோக்காம சொம்மா நடுவுல அடுக்கி மேல பூசி வுட்டது. கட்டினவருக்குத் தெரியும். ஏழெட்டு தபா ஓங்கிப் போட்டா ஒரு ஆளு நொழையற அளவு வந்துடும்னாரு. ஆனா சத்தம் கேட்டா அல்லாரும் வந்துடுவாங்களே. அதுக்குத்தான்.

— எதுக்குத்தான்?

— எட்டு கனவுக்கு எட்டு தபா கை தட்டுவாங்க. அவங்க கை தட்டும்போது இவங்க கடப்பாரைய போடணும். அவ்ளோதான் ஏற்பாடு.

— அப்ப அந்த டம்மு டம்மு...

— அக்காங்.

— என் சால்வைங்க?

— கடப்பாரைல சுத்திகீறாங்க. சத்தம் அமுங்கி வரும்னு.

— பதினொண்ணும்?

— யோவ், அத்த வுடு.

— பட்டம்மா. நான் இங்க கம்பியப் புடிச்சிகினு தொண்ட கிழியப் பேசறேன், ஜனம் மாறும்னு. நீ அத்த கெட்டிமேளம் ஆக்கிட்டியா?

— கெட்டிமேளம்னா கேவலமா? தாலி கட்டச் சொல்லோ யாருனா தும்மினா கேக்கக் கூடாதுன்னுதான் அத்த வாசிக்கறான். தாலிதான முக்கியம்?

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீ பேசியிருப்பியா? "சொவர இடிக்கறது முறையில்ல, மனச மாத்தறதுதான் முறை"ன்னு பாயிக்கே பதினேழு நிமிசம் பேசியிருப்ப.

— ...பேசியிருப்பேன்தான். அதுக்காண்டி? அந்தப் பேச்சு பொய்யின்னு ஆயிடுச்சே மே. பேச்சா இருந்து அது ஒருத்தனையும் அசைக்கல. சத்தமாத்தான் உபயோகமாச்சி. இனிமே பேச மாட்டேன். அண்ணாச்சி வந்தா தொண்ட கட்டிகிச்சின்னு சொல்லிடு.

— யோவ், இன்னும் வேல முடிஞ்ச மாதிரி தெர்ல. அஞ்சாவதுலேர்ந்து சத்தம் கொறஞ்சிபோச்சி. இன்னும் ஒரே ஒரு தபா பேசிடு. உன் கால்ல வோணா வுழறேன்.

— முடியாது.

— நைனா.

— மதி? நீ வூட்ல பட்சிகினு... இன்னாமா கையெல்லாம் செகப்பா?

— செங்கல்லுத் தூளு. எம்மா, பாயி ஏமாத்திட்டாரும்மா.

— இன்னாடி சொல்ற? ஓடிட்டாரா?

— ஓடல. குந்திகினு அழுவறாரு. மொதல் ரெண்டு கனவுக்கு நல்லாத்தான் போட்டாரு. மூணாவதுக்குக் கடப்பாரைய கீழ வெச்சிட்டு, "எப்டி பேசறாருமா உங்க வாப்பா"ன்னாரு. நாலாவதுக்கு அன்பரசன் அண்ணன், சித்தார்த்து, அல்லாரும் குந்திட்டாங்க. கடப்பாரையில சுத்தின சால்வய அவுத்து கண்ணத் தொடைக்கறாங்கம்மா.

— அடப் பாவிங்களா. அப்ப அஞ்சாவதுலேர்ந்து தட்டினது யாரு?

— நான்தான்.

— ஒண்டியாவா கண்ணு?

— எனக்குத்தான் அந்தப் பேச்சு தலகீழ் மனப்பாடமாச்சே. எங்க கை தட்டுவாங்கன்னு முன்னாலயே தெரியும். சரியா அந்த நேரத்துல போட்டேன்.

— உனக்கு... அழுவ வரலியாமா?

— போன வருசமே அந்த கேட்டாண்ட நின்னு அழுது முடிச்சிட்டேன் நைனா.

— மதி. நான் அன்னிக்கு வாய மூடிகினு உன்ன உள்ள அனுப்பியிருக்கணும்மா. தெனம் நென்ச்சிக்குவேன். சொல்ல வாய் வரல. ஊருக்கே பேசற வாயி, அத்த மட்டும் சொல்லல. இன்னிக்கு சத்தியம் பண்றேன், இனிமே உன் காதுல அந்தப் பேச்சு வுழவே வுழாது.

— பேச்சாளரய்யா, மைக் ரெடி. ஜனம் காத்துக் கெடக்கு. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்னு கத்துதாவ, கேக்குதா?

— கேக்குது அண்ணாச்சி. தொண்ட கட்டிகிச்சி. நான்—

— சத்தியத்த நாளைக்குப் பண்ணிக்கலாம் நைனா. போயி அந்த எட்டாவது கனவ இன்னொரு தபா சொல்லு. இன்னும் ரெண்டு கல்லு கீது.